காயத்துக்குப் போடும் பெட்டாடினையே தண்ணீர் கலந்து வாய் கொப்பளிக்கலாமா?

கேள்வி இது: பல் பிடுங்கிய இடத்துக்கு பெட்டாடின் வைத்து வாய் கொப்பளிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் காயத்துக்கு வாங்கிய பாட்டில் பாதி மிச்சம் இருக்கிறது. புதிதாக வாங்காமல் அதையே தண்ணீரில் கலந்துகொள்ளலாமா?

வேண்டாம். வாய் கொப்பளிப்பதற்கென்றே பெட்டாடின் கார்கிள் என்று தனியாக விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் மருந்துக்கடையில் இருப்பவன். இதே கேள்வியை ஒரு கணக்கோடு கேட்பவர்களும் உண்டு. "தம்பி, காயத்து மருந்துல 10 பர்சன்ட், கார்கிள்ல 2 பர்சன்ட். ஒரு பங்கு மருந்துக்கு நாலு பங்கு தண்ணி ஊத்துனா ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் ஓர் அம்மா. கணக்கில் தப்பே இல்லை. ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மட்டும் இல்லையே. தோலுக்கான மருந்தில் அது நன்றாகப் பரவுவதற்காகச் சில பொருட்களைச் சேர்ப்பதுண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் கை கழுவும் ஸ்க்ரப் இருக்கிறதே, 7.5 சதவீதம், அதில் சோப்பு போல நுரைக்கும் பொருளே கலந்திருக்கும். அதை வாயில் மட்டுமல்ல, திறந்த காயத்தில்கூட ஊற்றக் கூடாது. எல்லாமே ஒரே பழுப்பு நிறம், அட்டையிலும் ஒரே பெயர். சதவீதத்தையும் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்ற வரியையும் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும்.

பல் பிடுங்கியவர்களுக்கு இன்னொரு விஷயம், மருந்தைவிட இது முக்கியம். முதல் 24 மணி நேரம் எதை வைத்தும் வேகமாகக் கொப்பளிக்காதீர்கள். குழியில் உறைந்து நிற்கும் ரத்தம்தான் அந்த இடத்துக்கு மூடி. அது பெயர்ந்து போனால் எலும்பு வெளியே தெரிந்து, மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை இழுக்கும் வலி வரும். மறுநாளிலிருந்து, கார்கிளை லேபிளில் உள்ளபடி நேராகவோ சம அளவு தண்ணீர் கலந்தோ அரை நிமிடம் வாயில் வைத்திருந்து துப்புங்கள். விழுங்க வேண்டாம். துப்பத் தெரியாத சின்னக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. டாக்டர் நாள் குறிக்காவிட்டால் இரண்டு வாரத்துக்கு மேல் போகாதீர்கள். கொரோனா சமயத்தில் இதைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொண்ட சிலர் இன்னும் விடவில்லை. வாய்ச் சவ்வு வழியாக அயோடின் உடம்புக்குள் போகும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

பல் டாக்டர் எழுதியது குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் என்றால், அது முற்றிலும் வேறு மருந்து, அயோடினே கிடையாது. பல் துலக்கியவுடன் அதைப் பயன்படுத்தினால் பாதிக் காசு வீண், ஏனென்றால் பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் அதன் வேலையைக் கெடுத்துவிடும். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். கொப்பளித்த பிறகு தண்ணீரால் அலசவும் வேண்டாம், அது பல்லில் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற மருந்து. தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், காபி, டீ குடிப்பவர்களுக்குச் சீக்கிரமே. நாக்கில் உப்புச் சுவை மங்கும். குழம்பில் உப்பு இல்லை என்று வீட்டில் சண்டை போடும் முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தினால் சுவை திரும்பிவிடும்.

இனி தோலுக்கு வருவோம். சிராய்ப்போ வெட்டோ, முதல் மருந்து குழாய்த் தண்ணீர்தான். மண்ணும் ரத்தமும் சீழும் இருக்கும் இடத்தில் அயோடின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. கழுவி, ஒற்றி எடுத்து, மெல்லிசாகத் தடவி, காய விடுங்கள். இரண்டு நிமிடமாவது ஆக வேண்டும். 10 சதவீத மருந்தில் வேலைக்குக் கிடைக்கும் அயோடின் 1 சதவீதம்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். அந்தக் காலத்து டிங்க்சர் அயோடின் (சாராயத்தில் கரைத்த அயோடின்) போட்டால் உயிர் போகிற எரிச்சல். 1955-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் போவிடோன் அயோடினைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. தடவிய இடம் பழுப்பாக இருக்கும்வரை மருந்து வேலை செய்கிறது. நிறம் வெளுத்தால் தீர்ந்துவிட்டது.

ஈரம் காயும் முன் இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள். மருந்து தேங்கி நின்ற இடத்தில் தோல் வெந்தது போலாகிவிடும். உள்ளே சிவப்பாகப் புதுச்சதை வளர ஆரம்பித்த காயத்தில் தினமும் ஊற்றுவதும் தேவையில்லை, வளரும் செல்களையும் அது தாக்கும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு, வெள்ளி கலந்த தீப்புண் களிம்பு, சாவ்லான் இவற்றோடு சேர்த்துப் போடாதீர்கள். ஏதாவது ஒன்று போதும். டெட்டாலை நேராகக் காயத்தில் ஊற்றுவதும் தப்பு, தண்ணீர் கலக்க வேண்டும். வாய்க்கு அது ஆகவே ஆகாது.

பெட்டாடினை யார் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது? தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள், ரேடியோ அயோடின் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இருப்பவர்கள், லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள். பிறந்த குழந்தையின் தொப்புளுக்கு இதை வைக்கும் வழக்கத்தை இன்னமும் பார்க்கிறேன். பச்சைக் குழந்தையின் தோல் அயோடினை உறிஞ்சிவிடும், தைராய்டு மந்தமாகலாம், குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் தைராய்டு பரிசோதனையும் தடுமாறும்.

"எனக்கு இறால் ஒத்துக்காது, அயோடின் அலர்ஜி" என்று சொல்லி மருந்தைத் திருப்பித் தருபவர்களும் உண்டு. இறாலில் அலர்ஜி தருவது ஒரு வகைப் புரதம், அயோடின் இல்லை. முன்பு இதே மருந்தைத் தடவி அரிப்போ தடிப்போ வந்திருந்தால் மட்டும் தவிர்த்தால் போதும்.

நாய்க்கடிக்கு பெட்டாடின் தடவிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவி, பிறகு இதைத் தடவி, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள்.

கடைசியாகக் கறை. கஞ்சி போட்ட வேட்டியிலோ சேலையிலோ இந்த மருந்து சிந்தினால் பழுப்பாக இல்லாமல் நீலக்கறுப்பாகப் பிடிக்கும். பயப்பட வேண்டாம், கஞ்சி மாவும் அயோடினும் சேர்ந்த நிறம் அது. வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் போய்விடும். மாத்திரை வெள்ளையாக இருக்கட்டும். ஆரஞ்சு நிறச் சப்பும் மாத்திரையைத் தேய்த்தால் அந்தக் கறையையும் எடுக்க வேண்டியிருக்கும்.