வாசகர் கேள்வி பதில்: தாழப் பறக்குற ஹெலிகாப்டர்

கேள்வி: அமெரிக்கால ஹெலிகாப்டர் ஓரத்துல ஒருத்தர் உக்காந்துக்கிட்டு ஹைடென்ஷன் கம்பிய கையால தொட்டு ரிப்பேர் பண்ற வீடியோ பார்த்தேன். கரெண்ட்ட ஆஃப் பண்ணிட்டுதான செய்வாங்க? (ஈரோடு வாசகர்)

பதில்: இல்லைங்க, கரெண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். லைன நிறுத்தாம வேலைய முடிக்கணும்னுதான் ஹெலிகாப்டரையே கொண்டு வர்றாங்க. உடம்புல கரெண்ட் பாயணும்னா வோல்டேஜ் வித்தியாசம் இருக்கணும், பூமியத் தொடாம அந்தரத்துல நிக்கிற ஹெலிகாப்டர்லேர்ந்து தரைக்குப் போக அதுக்கு வழி இல்ல, கம்பில உக்கார்ற காக்கா கதைதான். ஆனா கிட்ட நெருங்குற அந்த நேரம் இருக்கே, அதுதான் கண்டம். லைன்மேன் முதல்ல ஒரு உலோகக் குச்சிய நீட்டுவார், பொறி அதுல பாயும், உடனே கிளாம்ப்ப மாட்டிடுவார், அதுக்கப்புறம் கம்பி, ஹெலிகாப்டர், ஆள் எல்லாமே ஒரே வோல்டேஜ்ல இருக்கும். அவர் போட்டிருக்கிறது எஃகு இழை கலந்து நெய்த சூட், கரெண்ட் துணியோடவே போயிடும். பெரும்பாலும் எம்டி 500ங்கிற குட்டி ஹெலிகாப்டர்தான் இதுக்கு, ரோட்டரோட விட்டமே சுமார் 8 மீட்டர், டவர் பக்கத்துல நுழைய வசதி. என்னைக் கேட்டா லைன்மேன் தைரியத்துக்குக் கொஞ்சமும் குறையாதது பைலட்டோட நிதானம். காத்து தள்ளத் தள்ள மெஷின அதே எடத்துல பிடிச்சு வைக்கணும், டவர் பக்கமோ அடுத்த ஃபேஸ் கம்பி பக்கமோ ரொம்ப நெருங்கிட்டா நான் மேல சொன்ன பாதுகாப்பு எதுவும் உதவாது.

கேள்வி: தாழ பறந்தா ஆபத்து கம்மிதானே, விழுந்தாலும் கொஞ்ச உயரம்தானே? (மதுரை வாசகி)

பதில்: நேர்மாறுங்க. இஞ்சின் நின்னு போனாலும் ஹெலிகாப்டர் கல்லு மாதிரி விழாது, இறங்குற வேகத்துல கீழேர்ந்து வர்ற காத்தே ரோட்டர சுத்த வைக்கும், அந்த சுழற்சிய வச்சு பைலட் கடைசி நொடில மெதுவா இறக்கிடுவார், இதுக்கு ஆட்டோரொட்டேஷன்னு பேரு. ஆனா அதுக்கு ஒண்ணு உயரம் வேணும், இல்லன்னா முன்னோக்கிப் போற வேகம் வேணும். நூறு அடில அசையாம நிக்கிறவருக்கு ரெண்டுமே இல்ல. எந்த உயரத்துல எந்த வேகம் ஆபத்துன்னு காட்டுற வரைபடத்த பைலட்டுங்க ‘டெட் மேன்ஸ் கர்வ்’னு சொல்வாங்க, லைன் வேலை பாக்குறவங்களுக்கு அந்த கோட்டுக்குள்ளதான் பொழப்பே. இது போதாதுன்னு கம்பி வேற. மேலேர்ந்து பார்த்தா கம்பி கண்ணுக்கே தெரியாது, அதனால அனுபவசாலிங்க கம்பத்தத்தான் தேடுவாங்க, தாண்டும்போதும் கம்பத்துக்கு மேலயே தாண்டுவாங்க. சில ஹெலிகாப்டர் மூஞ்சில மேலயும் கீழயும் கொம்பு மாதிரி இருக்குல்ல, மோதுற கம்பிய அறுக்குற கத்தி அது.

கேள்வி: குன்னூர் காட்டுத்தீயப்போ ஹெலிகாப்டர்ல தண்ணி ஊத்தினாங்களே, இன்னும் கீழ இறங்கி ஊத்தியிருக்கலாமே? (நீலகிரி வாசகர்)

பதில்: 2024 மார்ச்ல விமானப்படையோட எம்ஐ-17 வி5 வந்து பாம்பி பக்கெட்னு சொல்ற, ஹெலிகாப்டருக்குக் கீழ தொங்குற பெரிய வாளில மொண்டு மொண்டு சுமார் 16,000 லிட்டர் ஊத்துச்சு. ரொம்ப இறங்கினா ரோட்டர் காத்தே தீய விசிறி விட்டுடும், ரொம்ப மேல நின்னா தண்ணி சிதறிப் போயிடும், நடுவுல ஒரு உயரத்தப் பிடிக்கணும், அதுவும் மலைச்சரிவுல, புகைக்குள்ள. ஏரி, அணைன்னு பக்கத்துல கிடைக்கிற தண்ணியிலயே பக்கெட்ட முக்கி எடுக்கலாங்கறது பெரிய சௌகரியம். தரைல இருக்கிற வனத்துறை ஆளுங்க இல்லாம தீ முழுசா அணையாது, அதையும் சொல்லணும்.

கேள்வி: பெரிய வளையத்த தொங்கவிட்டுக்கிட்டு ஹெலிகாப்டர் பறக்குற படம் பார்த்தேன், எதுக்கு அது? (கடலூர் வாசகி)

பதில்: உங்க மாவட்டத்துலயே நடந்த வேலைதாங்க, ஹைதராபாத்ல இருக்கிற தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் (என்ஜிஆர்ஐ) நிலத்தடி நீர் தேட செஞ்ச சர்வே. வளையம் தரைலேர்ந்து சுமார் 30 மீட்டர் உயரத்துல போகும், அதுல கரெண்ட்ட விட்டு டக்குன்னு நிறுத்துவாங்க, அப்போ பூமிக்குள்ள தூண்டப்படுற மின்னோட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குதுன்னு அளப்பாங்க. களிமண்ணும் உப்புத்தண்ணியும் மின்சாரத்த நல்லா கடத்தும், நல்ல தண்ணி இருக்கிற மணல் அவ்வளவா கடத்தாது, அத வச்சு கீழ என்ன அடுக்கு இருக்குன்னு வரைஞ்சிடுவாங்க. உயரம் கூடினா சிக்னல் பலவீனமாயிடும், அதனால மரத்துக்கு மேல மட்டும் ஏறி இறங்கி மத்தபடி தாழவே ஓட்டணும், கோடு போட்ட மாதிரி மணிக்கணக்கா. ராஜஸ்தான், குஜராத், பஞ்சாப், ஹரியானா வறண்ட பகுதிகளுக்கும் 2021ல இதையே ஆரம்பிச்சாங்க. போர் போட்டு போட்டு ஏமாந்த விவசாயிக்கு அந்த மேப் கைக்கு வந்து சேரணும், அவர் பாஷையில, அவர் ஊர் பஞ்சாயத்துலயே.