முடிவுத்தாளும் கைப்பேசியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாக்குச்சாவடியிலேயே எண்ணி, முடிவை வாசலில் ஒட்டும் நாடுகளில் மொத்த முடிவைக் குடிமக்கள் சரிபார்க்கலாம் என்கிறார்கள். எல்லாச் சாவடிக்கும் ஆள் வேண்டுமா?

பதில்: வேண்டாம். குலுக்கல் முறையில் எடுத்த ஆயிரம், ஆயிரத்து ஐநூறு சாவடிகள் ஒரு நாட்டுக்கே போதும். 2008-ல் கானாவில் உள்நாட்டுப் பார்வையாளர்கள் இப்படித்தான் அதிபர் தேர்தலைக் கணித்தார்கள். ஆனால் குலுக்கலில் விழுந்த சாவடிக்கே ஆள் போயாக வேண்டும். பாதை மோசம் என்று பக்கத்துச் சாவடிக்கு மாறினால் கணக்கு கெட்டது. எந்தெந்தச் சாவடி என்பதும் வெளியே கசியக் கூடாது. கசிந்தால் அங்கே மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

கேள்வி: தகவல் அனுப்பச் செயலியா, குறுஞ்செய்தியா?

பதில்: முதலில் குறுஞ்செய்தி. எந்தக் கைப்பேசியிலும் போகும், இணையத்தை முடக்கினாலும் பெரும்பாலும் போகும். தமிழில் எழுதினால் ஒரு செய்தி 70 எழுத்துக்கு மேல் போகாது, ஆங்கில எழுத்தும் எண்ணும் என்றால் 160. ஆகவே வெறும் எண்களாக அனுப்பச் சொல்லுங்கள்: 04127#214#187#9#410. சாவடி எண், இரு வேட்பாளர்களின் வாக்குகள், செல்லாதவை, மொத்தம்.

கடைசியில் வரும் மொத்தத்தை வெட்டிவிடச் சொல்பவர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள். 214-ஐ யாராவது 241 என்று தட்டினால் கூட்டல் 437 வரும். 410-உடன் 27 வித்தியாசம். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். கணினி உடனே "மீண்டும் அனுப்புக" என்று பதில் போட வேண்டும். மொத்தம் அந்தச் சாவடியின் வாக்காளர் எண்ணிக்கையைத் தாண்டினாலும் அப்படியே. பதிவு செய்த எண்ணிலிருந்து வரும் செய்தியை மட்டும் ஏற்க வேண்டும். எண்ணி முடியும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் அனுப்புவதால் செய்திகள் தேங்கும். சில மணி நேரம் தாமதமாகவும் வரும். அதற்காகத் தொலைபேசியில் கேட்டு எழுத நாலு பேரை உட்கார வையுங்கள். ஒத்திகையைப் பகலில், பாதி ஆட்களோடு நடத்திப் பயனில்லை.

கேள்வி: வாசலில் ஒட்டிய தாளைப் படம் பிடித்தால் போதாதா?

பதில்: படம் வேறு வேலைக்கு. 2008-ல் ஜிம்பாப்வேயில் வாசலில் ஒட்டிய தாள்களைப் பலரும் படம் பிடித்தார்கள். 2014-ல் இந்தோனேசியாவில் தேர்தல் ஆணையமே இணையத்தில் ஏற்றிய சாவடித் தாள்களைத் தன்னார்வலர்கள் படித்துத் தாங்களே கூட்டினார்கள். மேல்மட்டத்தில் கூட்டும்போது எண் மாறியதா என்று பிடிக்க இது அருமையான வழி. யார் வெல்வார் என்று கணிக்க உதவாது. ஆர்வலர்கள் இருக்கும் ஊர்ப் படங்கள்தான் அதிகம் வரும்.

தாளுக்கு நேர் எதிரே நின்று, மின்னொளி தெறிக்காமல், சாவடி எண்ணும் கையொப்பங்களும் தெரிய ஒரு படம். எண்கள் மட்டும் நெருக்கமாக இன்னொன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி 3, 8 குழம்பும், ஆவணமாக அனுப்புங்கள். சாவடிக்குள் கைப்பேசி தடை என்றால் வெளியே மட்டும்.

கேள்வி: பாதி வந்ததுமே வெளியிடலாமா?

பதில்: கூடாது. நகரச் சாவடிகள் முதலில் வரும், தொலைவுக் கிராமங்கள் கடைசியில். வராதவை எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்று பார்த்து, அங்கே ஆளை விரட்டுங்கள். இன்னொன்று: பெட்டியில் முன்பே கள்ள ஓட்டு விழுந்திருந்தால் இந்தச் சரிபார்ப்பு அதையும் சேர்த்துத்தான் எண்ணும். அதைப் பிடிக்க, காலையில் காலிப் பெட்டியைக் காட்டும்போதே ஆள் அங்கே இருக்க வேண்டும்.