கேள்வி-பதில்: நாகா மணிமாலைக்கு மதிப்பு என்ன?

கேள்வி: நாகாலாந்துப் பயணத்தில் ஐந்து சரம் கொண்ட மாலை ஒன்றை வாங்கினேன். அதிலுள்ள நீண்ட சிவப்பு மணிகள் குஜராத்தில் செய்யப்பட்டவை என்கிறார் நண்பர். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. நாகா மாலைகளின் சிவப்பு மணி, சூதுபவளம் (கார்னீலியன்) என்ற கல். குஜராத்தின் காம்பாத் பட்டறைகளில் செதுக்கித் துளையிடப்பட்டு வணிகர்கள் வழியாக மலையேறியது. சங்கு மணி கடலிலிருந்து வந்தது. கண்ணாடி மணிகளில் பல வெனிஸ் நகரத்தவை. அவற்றைச் சரமாகக் கோத்து, எலும்புத் தட்டுகளால் இடைவெளி விட்டு நிறுத்திய முறைதான் நாகர்களுடையது. ஆகவே கல் பிறந்த ஊரை விட்டுவிட்டு, மாலை எவ்வளவு காலம் கழுத்தில் கிடந்தது என்று பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், நெடுங்காலம் நூல் உராய்ந்த துளையின் விளிம்பு மழுங்கியிருக்கும். ஒன்றோடொன்று உரசிய மணிகளின் முனைகளும் தேய்ந்திருக்கும். தேயிலைச் சாயத்திலும் செருப்புப் பாலீஷிலும் வயதேற்றிய மாலையிலோ கறை எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கும். ஈரப் பஞ்சால் துடைத்தால் பஞ்சிலேயே வந்துவிடும். நூல் புதியதாக இருப்பது குற்றமில்லை. நூல் நைந்தால் மறுபடி கோப்பதே வழக்கம். இந்தப் பாடத்துக்கு நான் கட்டிய கட்டணம் 3,800 ரூபாய். சூதுபவளம் என்று நம்பி வாங்கிவந்த மாலையின் மணி ஒவ்வொன்றிலும், அச்சில் வார்த்த கண்ணாடியின் இணைப்புக்கோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது.

கேள்வி: ஆய்வகச் சான்றிதழில் 'இயற்கைச் சூதுபவளம்' என்று இருக்கிறது. பழமையான மாலைதானே?

பதில்: கல் பழமையானதுதான், அதில் துளையிட்டது போன மாதமா, போன நூற்றாண்டா என்று அந்தச் சான்றிதழ் சொல்லவில்லை.

கேள்வி: மாமனார் அஸ்ஸாமில் பணியாற்றியபோது வாங்கிய மாலையை, 500 ரூபாய் கட்டணம் கொடுத்து ஒருவரிடம் மதிப்பிடச் சொன்னேன். "வெறும் கண்ணாடி, 2,000 பெறும்" என்று சொல்லி அவரே வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் அதே மாலையை 90,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்திருந்தார்.

பதில்: அம்மா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டீர்கள், அதற்குக் காசும் கொடுத்தீர்கள். எனக்கு நெடுநாளாக ஆறாத கோபம் இது. விலை சொல்பவரே வாங்குபவராகவும் இருந்தால் அது மதிப்பீடு ஆகாது, பேரம்தான். பேரத்துக்குக் கட்டணம் வாங்குவது அதைவிடக் கேவலம். மதிப்பில் இத்தனை விழுக்காடு எனக்கு என்பவரையும் நான் நம்புவதில்லை, ஏனென்றால் அவருக்கு விலையை ஏற்றிச் சொல்வதில் லாபம் இருக்கிறது. ஒழுங்கான மதிப்பீடு எழுத்தில் இருக்க வேண்டும்: மாலை நாகர்களில் கொன்யாக்குகளுடையதா, அங்காமிகளுடையதா, ஆவோக்களுடையதா, ஒவ்வொரு வகை மணியும் எதனால் ஆனது, எது பின்னால் சேர்க்கப்பட்டது, சொல்லும் விலை காப்பீட்டுக்கா விற்பனைக்கா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். 'பழங்குடி மாலை' என்று மட்டும் எழுதித் தருபவருக்கு எந்தப் பழங்குடி என்றே தெரியாது என்று பொருள். நீங்கள் கட்டணம் செலுத்தியதால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். இந்த அளவிலான முறையீட்டுக்கு மனுக் கட்டணம் கிடையாது. அந்த விளம்பரத்தை இன்றே படமெடுத்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேளுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் படம் பார்த்து 60,000 ரூபாய் அனுப்பினேன். மாலை வரவில்லை. விற்றவரின் பெயர், முகவரி தெரியாது. என்ன செய்யலாம்?

பதில்: பெயர் கேட்ட பிறகு பணம் அனுப்பியிருக்கலாம். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, இணையப் பண மோசடிகளுக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

கேள்வி: என் மாலைக்கு நூறு வயதுக்கு மேல் என்று விற்றவர் சொன்னார். நடுவில் ஒரு புலிப்பல் இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள மகளுக்கு அனுப்பலாமா?

பதில்: கூடாது. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. புலிப்பல் விற்பனையை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. அதை வைத்திருப்பதே உங்களுக்குச் சிக்கல். அஞ்சலகத்துக்குப் போகும் முன் வழக்கறிஞரிடம் போங்கள்.

கேள்வி: அழுக்குப் போகச் சோப்பு நீரில் இரவு முழுதும் ஊறவைத்தேன். நூல் அறுந்து மணிகள் உதிர்ந்துவிட்டன. மதிப்புக் குறையுமா?

பதில்: குறையும். கோத்த வரிசை தெரியும்படியான பழைய புகைப்படம் இருந்தால், அதைப் பார்த்துக் கோத்துத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்களிடம் இருப்பது ஒரு கிண்ணம் மணிகள். அந்த விலைதான் கிடைக்கும்.