அந்த மாத்திரையால் வந்ததல்ல

கேள்வி: என் வயது 27, கணவருக்கு 31. எங்கள் முதல் குழந்தை பிறந்த நான்கு மணி நேரத்தில் இறந்துவிட்டது. எக்ஸ்ரே பார்த்து ‘தனடோபோரிக் டிஸ்பிளேசியா’ என்று எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் அல்ல. இரு குடும்பத்திலும் இப்படி யாருமில்லை. மரபணு நோய் என்றால் யார் வழியாக வந்தது? ஆறாவது மாதத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டேன், அதனாலா? அடுத்த குழந்தைக்கும் வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மாத்திரை பற்றிய வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறீர்கள், அம்மா. அதற்கே முதல் பதில்: இல்லை. கரு உருவானபோதே நேர்ந்துவிட்டது இது. ஆறாவது மாதக் காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

‘மரபணு’ என்ற சொல்லுக்குள் ‘மரபு’ இருப்பதால் எல்லோரும் பரம்பரையில் ஆள் தேடுகிறார்கள். இந்த நோய் ஏறக்குறைய எப்போதுமே புதிதாக நேர்வது. நான்காவது குரோமோசோமில் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்றொரு மரபணு இருக்கிறது. எலும்பு வளர்ச்சிக்குப் பிரேக் போடுவது அதன் வேலை. அதன் மரபுக் குறியீட்டில் ஓர் எழுத்து மாறினாலே போதும், பிரேக் அழுத்தியபடியே நின்றுவிடும். கை, கால் எலும்புகள் குட்டையாகும். எக்ஸ்ரேயில் தொடை எலும்பு பழைய தொலைபேசியின் ரிசீவர் போல வளைந்திருக்கும் (இதே நோயின் இன்னொரு வகையில் நேராக இருக்கும்). உயிரைப் பறிப்பது கால் அல்ல, விலா. விலா எலும்புகள் வளராமல் மார்புக்கூடு ஒடுங்கிவிடுவதால் நுரையீரல் விரிய இடமிருப்பதில்லை. 1967இல் பிரெஞ்சு மருத்துவர் மரோட்டோவும் அவருடைய சகாக்களும் வைத்த கிரேக்கப் பெயருக்கு ‘சாவைச் சுமந்து வருவது’ என்று பொருள். எந்தப் பெற்றோரிடமும் அந்தப் பொருளை நானாகச் சொன்னதில்லை. நீங்கள் எங்காவது படித்துத் திடுக்கிட வேண்டாம் என்றே இங்கே சொல்கிறேன்.

20,000 முதல் 50,000 பிரசவங்களில் ஒன்றில் இது நேரும். சொந்தத்தில் மணம் முடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தந்தையின் வயது கூடக்கூட இத்தகைய புதிய மாற்றங்கள் சற்றுக் கூடும் என்பது உண்மை. அதற்காக 31 வயதுக்காரர் தலையில் பழியைப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த குழந்தைக்கு மீண்டும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இந்த ஆறுதல், நோயின் பெயர் சரியாக இருந்தால் மட்டுமே செல்லும். எக்ஸ்ரேயில் இதைப் போலவே தோன்றும் வேறு சில எலும்பு நோய்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குப் பெற்றோர் இருவருமே காரண மரபணுவைச் சுமப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கும். மரபணுப் பரிசோதனை செய்ததாக நீங்கள் எழுதவில்லை. குழந்தையின் ரத்தமோ திசுவோ சேமித்து வைத்திருக்கிறார்களா என்று மருத்துவமனையில் உடனே கேளுங்கள். இருந்தால் இப்போதும் சோதிக்கலாம்.

அடுத்த முறை கருத்தரித்தால் 18–20 வாரத்தில் விரிவான ஸ்கேன் எடுங்கள். தொடை எலும்பின் நீளத்தையும் மார்பின் சுற்றளவையும் தனியாகக் குறித்துத் தரச் சொல்லுங்கள். பார்க்கவே மனம் வரவில்லை என்றாலும் அந்த எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மரபியல் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.