பணிந்து போனால் தலையில் ஏறிவிடுவார்களா?

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் பதவி உயர்வு வந்தது. அதுவரை பக்கத்து நாற்காலியில் இருந்த ஒன்பது பேருக்கு இப்போது நான் தலைவி. அதிகாரம் காட்ட எனக்குப் பிடிக்காது. யாராவது அறிக்கையில் தப்பு விட்டால் இரவில் நானே உட்கார்ந்து திருத்திவிடுகிறேன். “இவ்வளவு பணிந்து போனால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்” என்கிறார் மேலதிகாரி. போன வாரம் ஒரு வேலை தவறிப்போனதை மூன்று நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்கள். நான் மாற வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

மாறத்தான் வேண்டும். ஆனால் உங்கள் மேலதிகாரி சொல்கிற மாதிரி இல்லை. உங்களிடம் பணிவும் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டீர்கள்.

இரவில் நானே திருத்திவிடுகிறேன் என்கிறீர்களே, அதைப் படித்ததும் மனசு கஷ்டப்பட்டது. தப்பு விட்டவருக்கு அது தப்பென்றே தெரியாது. அடுத்த மாதமும் அப்படியே செய்வார், நீங்களும் கண் விழிப்பீர்கள். உள்ளுக்குள் மனக்குறை சேர்ந்துகொண்டே வரும். ஒருநாள் ஏதோ அற்ப விஷயத்துக்கு அவர்மேல் எரிந்து விழுவீர்கள், அவருக்குக் காரணமே புரியாது. இதைச் சேவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகத்துக்கு நேரே பேசச் சங்கடப்பட்டு, தூக்கத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

சேவை செய்த தலைவர் என்றால் எனக்குத் துருவப் பயணங்களுக்குத் தலைமை தாங்கிய எர்னஸ்ட் ஷாக்கிள்டன்தான் நினைவுக்கு வருவார். 1915-இல் அவருடைய ‘எண்டியூரன்ஸ்’ கப்பல் அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் பனியில் சிக்கி நொறுங்கியது. அவரையும் சேர்த்து 28 பேர் உறைபனியின் மேல் கூடாரம் போட்டார்கள். படுத்துக்கொள்ள ரோமத்தோல் பைகள் இருந்தது 18 தான், மற்றவர்களுக்கு வெறும் கம்பளிப் பை. சீட்டுக் குலுக்கியபோது நல்ல பைகள் சாதாரண மாலுமிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஷாக்கிள்டன் கம்பளிப் பையில் படுத்தார். பின்னால் படகில் போகும்போது புகைப்படக்காரர் ஹர்லி கையுறையைத் தொலைத்துவிட, தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். குளிரில் விரல் விறைத்துப்போனது இவருக்கு.

அதே மனிதர், பனியில் படகை இழுத்துப் போகும்போது தச்சர் ஒருவர் இனி வர மாட்டேன் என்று நின்றதும் கொஞ்சமும் இளகவில்லை. கட்டளைக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று கறாராகச் சொன்னார். குளிரைத் தான் வாங்கிக்கொண்டார், முடிவெடுக்கும் பொறுப்பை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த 28 பேரும் உயிரோடு மீண்டார்கள்.

சரி, அந்த மூன்று நாள் விஷயத்துக்கு வருவோம். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை 1990-களில் ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவான தவறுகளோ அங்கேதான் அதிகம்! அங்கே இருந்தவர்கள் தவறை மறைக்காமல் சொன்னதுதான் காரணம் என்று அவருக்குப் பிறகு புரிந்தது.

உங்கள் ஆட்கள் உங்களுக்குப் பயந்து மறைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. “சொன்னால் பாவம், ராத்திரி முழுக்க இவங்களே உட்கார்ந்து செய்வாங்க” என்று கூசியிருக்கலாம். உங்கள் நல்ல மனசே அவர்கள் வாயை அடைத்திருக்கலாம்.

அதனால் நாளைக்கு, கடைசியாகத் திருத்திய அறிக்கையை எடுத்துக்கொண்டு, அதை எழுதியவரின் இடத்துக்கே போங்கள். கூப்பிட்டு அனுப்ப வேண்டாம். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, “இதை நான் திருத்தினேன். உங்களிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. இப்போது சேர்ந்து பார்ப்போமா?” என்று கேளுங்கள். திருத்தம் அவர் கையாலேயே நடக்கட்டும். கை துறுதுறுக்கும், இருந்தாலும் நீங்கள் விசைப்பலகையைத் தொடாதீர்கள். இடையில் மேலதிகாரி வந்து யார் தப்பு என்று கேட்டால், “என் குழுவின் வேலை, பொறுப்பு என்னுடையது” என்று அவர் காதில் விழும்படியே சொல்லுங்கள். அப்புறம் நேரத்தோடு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.