கோழிக் கூண்டில் இருப்பது எந்த உண்ணி?

கேள்வி: ஏற்காடு பக்கம் காபித் தோட்டத்தில் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். கோழிகளின் இறக்கைக்கு அடியில் கடுகளவில் நீலம் கலந்த உருண்டைகள் ஒட்டியிருக்கின்றன. கூண்டுப் பலகை இடுக்கில் தட்டையாகப் பழுப்புப் பூச்சிகளும் உண்டு. இரண்டும் ஒன்றா? இனம் என்ன? போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான், வயதுதான் வேறு. இறக்கை அடியில் இருப்பவை உண்ணியின் குஞ்சுகள். ஒரு வாரம் போல ஒட்டியே இருந்து ரத்தம் குடித்துவிட்டு உதிரும். வளர்ந்தவை பகலில் இடுக்கில் பதுங்கி, இரவில் வந்து அரைமணி, முக்கால்மணி நேரம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். அதனால்தான் பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்தால் பெரிய உண்ணி அகப்படுவதில்லை.

பலகையில் கிடைத்ததை லென்ஸில் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது வாய் தெரியாமல் உடலுக்கு அடியில் மறைந்திருந்து, முதுகில் கெட்டியான தகடு இல்லாமல் தோல் சுருக்கமாக இருந்தால் அது மென் உண்ணி. குஞ்சை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அதற்கு வாய் முன்னால் நீட்டிக்கொண்டுதான் இருக்கும், கால்களும் எட்டல்ல, ஆறு. அடுத்து உடலின் விளிம்பு. சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக இருந்தால் ஆர்கஸ் பெர்சிகஸ், அதாவது கோழி உண்ணி, என்ற பக்கம் சாயலாம். கட்டமில்லாமல் மெல்லிய கோடுகளாக இருந்தால் புறா உண்ணியான ஆர்கஸ் ரெஃப்ளெக்சஸ் பக்கம்.

சாயலாம் என்றுதான் சொல்கிறேன். பெர்சிகஸுக்கு 1818லேயே பெயர் வைத்தாயிற்று. ஆனால் அதே சாயலில் உள்ள பல இனங்கள் 1960களிலிருந்துதான் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. கொக்கு, நாரைக் கூடுகளில் வாழும் ஆர்கஸ் ராபர்ட்சி அவற்றில் ஒன்று. போட்டோவை வைத்து இனப்பெயர் சொல்பவரை நான் நம்பமாட்டேன். ஆர்கஸ் என்ற பேரினம் வரை சொன்னாலே பெரிது.

முதுகில் தகடும், முன்னால் நீட்டிய வாயும் இருந்தால் கதையே வேறு. அது வன் உண்ணி. புதரில் மேயும் கோழிகளின் கண், காது ஓரத்தில் ஹீமாஃபிசாலிஸ் என்ற வன் உண்ணியின் குஞ்சுகள் ஏறலாம். வாயின் இருபுறமும் உள்ள உணர் உறுப்புகள் பக்கவாட்டில் துருத்தி நிற்பது அதன் அடையாளம். கொண்டையில் கருப்பாகக் கொத்தாக ஒட்டியிருப்பது தெள்ளாக இருக்கலாம், உண்ணியே அல்ல.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மாதிரி அனுப்புங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், விரலால் நசுக்க வேண்டாம். குஞ்சு, வளர்ந்தது இரண்டையும் 70 சதவீத ஆல்கஹாலில் தனித்தனியாகப் போடுங்கள். தேதி, ஊர், எந்தப் பறவை, உடலில் எங்கே அல்லது எந்த இடுக்கில் என்று பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். இந்தச் சீட்டு இல்லாத உண்ணியால் பாதிப் பயன்தான். தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள்.

அதுவரை மருந்தைக் கோழிமேல் மட்டும் அடித்துப் பயனில்லை. மென் உண்ணி என்றால் கூண்டுதான் அதன் வீடு. இடுக்குகளை அடையுங்கள், உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு பலகை, சுவர் எல்லாவற்றிலும் படும்படி அடியுங்கள். சில மாதம் கூண்டைக் காலியாகப் போட்டால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், ரத்தமில்லாமல் வருடக்கணக்கில் தாங்கும். கோழி காய்ச்சலோடு தூங்கி வழிந்து, பச்சையாகக் கழிந்தால் உண்ணி பரப்பும் ஸ்பைரோகீட் என்ற சுருள் பாக்டீரியா நோயாக இருக்கலாம். மாதிரி முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.