அழகுக்காக வீட்டுத் தோட்டத்தில் ஆமணக்கு வளர்க்கலாமா? அது விஷச் செடி என்கிறார்களே?

வளர்க்கலாம். நான் ஆறு வருடமாக வளர்க்கிறேன். ஆனால் இலைக்காக வளர்க்க வேண்டும், காய்க்காக வளர்க்கக் கூடாது. பூங்கொத்து தலைகாட்டியதும் வெட்டிப் போட உங்களுக்கு மனசு வரும் என்றால் தாராளமாக வையுங்கள். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயதில் வீட்டில் குழந்தை இருந்தாலோ, கண்டதையும் கடித்துப் பார்க்கிற நாய்க்குட்டி இருந்தாலோ, இப்போதைக்கு இந்தச் செடி வேண்டாம். குழந்தை கொஞ்சம் வளரட்டும், செடி எங்கேயும் போய்விடாது.

இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் என் முதல் வருடத்து அனுபவம். அதற்கு முன் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷம் என்ற ஒரே சொல்லால் பலர் இதன் அழகைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

ஆமணக்கு என்றதும் குப்பைமேட்டில் தானாக முளைத்து நிற்கும் பச்சைச் செடிதான் நிறைய பேருக்கு ஞாபகம் வரும். தோட்டத்துக்கென்று வளர்ப்பது பெரும்பாலும் செவ்வாமணக்கு. அதன் குருத்து வெளியே வரும்போது விரல்களை மடக்கிய கை மாதிரி இருக்கும். எண்ணெய் தடவியது போல ஒரு பளபளப்பு, நாவல்பழத்தோல் நிறம். இரண்டு மூன்று நாளில் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து விரிந்துவிடும். காம்பு மற்ற இலைகளைப் போல ஓரத்தில் ஒட்டாமல், குடைக்குள் கம்பி நிற்பது போல இலையின் உட்புறத்தில் வந்து சேர்கிறது. அந்த ஒரே புள்ளியிலிருந்து நரம்புகள் ஏழெட்டுத் திசையில் பிரிந்து ஓடும். மாலை வெயில் இலைக்குப் பின்னால் விழும்போது அந்த நரம்புகளைப் பார்க்க வேண்டும். நன்றாக வளர்ந்த செடியில் ஓர் இலை இரண்டு கை அகலத்துக்கு வரும்.

காம்பு இலையைத் தொடுகிற இடத்தில் கடுகளவு சுரப்பிகள் சில இருக்கும். அவற்றில் இனிப்பான நீர் கசியும், எறும்புகள் நாள் முழுக்க அங்கேதான். தண்டின் மேல் மாவு பூசியது போல வெள்ளையாக ஒரு மெழுகுப் படலம் படிந்திருக்கும். விரலால் ஒரு கோடு இழுத்தால் அடியில் ரத்தச் சிவப்பு தெரியும். எனக்குக் காலையில் தண்ணீர் ஊற்றப் போனால் அரை மணி நேரம் இதிலேயே கழிந்துவிடும்.

இனி அந்த முதல் வருடம். பூங்கொத்து வந்தபோது நான் வெட்டவில்லை. கொத்தின் மேல்பாதியில் பெண்பூக்கள், சிவப்பு இறகு ஒட்டியது போன்ற சூல்முடிகளோடு. கீழ்ப்பாதியில் மஞ்சள் ஆண்பூக்கள். பிறகு மேல்பாதி முழுக்க முள்முள்ளாகச் சிவப்புக் காய்கள் திரண்டன. முள் பார்ப்பதற்குத்தான் பயங்கரம், இளசாக இருக்கும்போது தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். அந்தச் சிவப்பு பூவை விட அழகு. எனவே விட்டுவிட்டேன். காய்கள் மெல்லப் பழுப்பாகிக் காய்ந்தன.

ஒரு விடுமுறை நாள் மதியம் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். வெளியே விட்டு விட்டு டப், டப் என்று சத்தம். காய்ந்த காய்கள் வெயிலில் வெடிக்கிற சத்தம் அது என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு காயில் மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. வெடிக்கும்போது விதை சில மீட்டர் தூரம் தெறிக்கும். கொஞ்ச நேரத்தில் அக்காவின் நாலு வயது மகள் உள்ளே ஓடி வந்து மூடிய கையை என் முன் நீட்டினாள்.

"சித்தி, வண்டு பாரு. ஓடவே மாட்டேங்குது."

உள்ளங்கையில் ஐந்து விதைகள். சாம்பல் நிறத்தில் பழுப்புத் தீற்றல்கள், வார்னிஷ் அடித்தது போன்ற மினுக்கு, ஒரு முனையில் தலை மாதிரி சின்னதாக ஒரு குமிழ். அவள் வண்டு என்று நினைத்ததில் தப்பே இல்லை. லத்தீனில் இந்தச் செடிக்கு ரிசினஸ் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு உண்ணி என்று பொருள். மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணியைப் போல இருக்கிறது என்று பெரியவர்களுக்கே தோன்றியிருக்கிறது.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். "சாப்பிடலே" என்றாள். ஆனால் நாலு வயதுக் குழந்தையின் சொல்லை மட்டும் நம்பி எப்படிச் சும்மா இருப்பது? விதைகளை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இரவு அக்காவின் முகம் இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

விஷத்தைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. பயமும் குறையும், அலட்சியமும் வராது. விதைக்குள் இருப்பது ரைசின் என்ற புரதம். உடம்பின் செல்களுக்குள் புரதம் தயாராகும் இடத்தையே அது முடக்கிவிடுகிறது. 1978இல் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்கோவைக் கொன்றது இதுதான் என்று சொல்லப்படுவது உங்கள் காதிலும் விழுந்திருக்கலாம். அது உடம்புக்குள் செலுத்தப்பட்ட விஷம். தோட்டத்தில் செடியைத் தொட்டால், இலையைத் தடவினால் விஷம் ஏறாது. சிலருக்கு மகரந்தமும் விதைத் தூசியும் ஒவ்வாமையைக் கிளப்பும், அது வேறு விஷயம்.

ஆபத்து விதையை மெல்லுவதில்தான் இருக்கிறது. மேல்தோல் கெட்டியானது, உடையாமல் முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடவும் கூடும். பல் பட்டு உடைந்தால்தான் விஷம் முழுதாக வெளிவரும். "எத்தனை விதை வரை தாங்கும்?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கணக்கே போடாதீர்கள். விதைக்கு விதை, ஆளுக்கு ஆள் மாறும். மென்றிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும், அதுவரை குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கப் பார்க்க வேண்டாம். விதை ஒன்றைக் கையோடு எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். இதற்கென்று தனி முறிமருந்து கிடையாது, ஆனால் நேரத்தோடு போனால் சிகிச்சையில் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள்.

விளக்கெண்ணெய் இதிலிருந்துதானே வருகிறது, அதைக் குடிக்கிறோமே என்பீர்கள். ரைசின் எண்ணெயில் கரையாது. விதையை ஆட்டும்போது அது சக்கையோடு தங்கிவிடும், சூடாக்கினால் செயலிழக்கும். அதனால் முறையாகத் தயாரித்த எண்ணெயில் அது இருப்பதில்லை. ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள்: ஆமணக்குப் புண்ணாக்கு நல்ல உரம், பல தோட்டக்காரர்கள் போடுகிறார்கள். சரியாகச் சூடுபடுத்தாத புண்ணாக்கில் விஷம் மிச்சம் இருக்கும், அதன் வாசனை நாய்களுக்கு ரொம்பப் பிடிக்கும். செடியே இல்லாத வீட்டில்கூட நாய் இப்படிச் செத்துப்போகலாம். நாய் வளர்க்கிறவர்கள் அந்த மூட்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதே மாதிரி, கொட்டைமுத்து என்று சொல்லும் இந்த விதையைத் துளைபோட்டு மாலையாகக் கோர்க்கும் பழக்கமும் வேண்டாம். துளை போட்டதும் விதைக்கு இருந்த காவல் போய்விடுகிறது.

சரி, வெட்டுவது எப்படி என்று பார்ப்போம். தண்டின் உச்சியில்தான் பூங்கொத்து வரும். மொட்டாக, விரல் நீளத்தில் இருக்கும்போதே அடியோடு நறுக்கிவிடுங்கள். அதற்குக் கீழே உள்ள இலைக்கணுக்களிலிருந்து இரண்டு மூன்று கிளைகள் கிளம்பும். ஒவ்வொரு கிளையிலும் புது இலைகள் வரும். இந்தச் செடியில் ஆழ்ந்த நிறம் இளம் இலைக்குத்தான். முதிர்ந்த இலை பச்சை கலந்த வெண்கல நிறத்துக்குப் போய்விடும். எனவே கொத்தை வெட்ட வெட்டச் செடி அடர்ந்து, சிவந்து நிற்கிறது. காயை இழக்கிறோமே என்று முதலில் எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டாவது வருடம் செடியைப் பார்த்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது. கிளைகளிலும் அடுத்தடுத்துக் கொத்து வரும் என்பதால் வாரம் ஒருமுறை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இலைகள் பெரியவை, அடியில் ஒரு கொத்து ஒளிந்துகொண்டால் கண்ணில் படவே படாது.

காய் பிடித்த கொத்து தப்பித் தவறி இருந்தால், பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும்போதே வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் அங்கேயே முளைத்துவிடும். விதை தெறித்து வெளியே பரவுவதும் சின்ன விஷயம் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தச் செடி இன்று ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, கலிபோர்னியா என்று பல இடங்களில் ஆற்றோரக் களையாகப் படர்ந்திருக்கிறது. உங்கள் பகுதியில் இதை வளர்க்கத் தடை இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. விதையை ஒரு நாள் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைக்கும். ஆணிவேர் உள்ள செடி, வளர்ந்தபின் பிடுங்கி நட்டால் சுணங்கும். நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுவதுதான் நல்லது. உறைபனி விழும் இடங்களில் அது ஒரு பருவத்துச் செடிதான், பனி பட்டதும் கருகிவிடும். அங்கே வீட்டுக்குள் காகிதக் குவளையில் முளைக்கவைத்து, குளிர் முழுதாக விலகியதும் வெளியே வைப்பார்கள். வெப்பமான இடங்களில் வருடக்கணக்கில் நின்று சின்ன மரமாகிவிடும்.

முழு வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் நிறம் வெளுத்து, தண்டு நீண்டு, நோஞ்சானாக நிற்கும். தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரே பருவத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும், எனவே செடிக்குச் செடி ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடம் விடுங்கள். தண்டு பருத்துத் தெரிந்தாலும் உள்ளே கூடாகத்தான் இருக்கும், பலத்த காற்றில் படக்கென்று முறியும். என்னுடையது ஒன்று அப்படித்தான் போனது. ஆரம்பத்திலேயே ஒரு கம்பு நட்டுக் கட்டிவிடுங்கள். மட்கிய உரம் போதும். தழைச்சத்து அதிகம் போனால் தண்டு இன்னும் மெலிவாகும். நடைபாதை ஓரம், குழந்தைகள் விளையாடும் பக்கம், ஆடு மாடு எட்டும் வேலி ஆகிய மூன்று இடமும் வேண்டாம். பின்வரிசைதான் இதற்குச் சரி, முன்னால் மஞ்சள் பூச்செடி இருந்தால் கண்ணுக்கு விருந்து.

ரகங்களில் கார்மென்சிட்டா நல்ல கருஞ்சிவப்பு. இம்பாலா கொஞ்சம் குட்டை, பெரிய தொட்டிக்கு ஏற்றது. ஸான்சிபாரென்சிஸ் பச்சை இலை, பூதாகாரமாக வளரும். சின்னத் தோட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன். பெயரில் ஒரு குழப்பமும் உண்டு: காட்டாமணக்கு என்பது வேறு செடி, அதன் விதையும் விஷம். விதை வாங்கும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புழுக்கள் வரும். காவடிப்புழு ஒரு வாரத்தில் இலையை நரம்பு மட்டும் மிஞ்சத் தின்றுவிடும். வெட்டுப்புழு இலையின் அடியில் பழுப்புப் பஞ்சு மூடிய முட்டைக் குவியலாக ஆரம்பிக்கும், அந்த ஓர் இலையைக் கிள்ளி எடுத்தால் பாதி வேலை முடிந்தது. நான் மருந்து அடிப்பதில்லை. ஆரஞ்சும் பழுப்புமாக, இறக்கையில் அலை அலையாகக் கோடு போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி இந்த இலையில்தான் முட்டையிடுகிறது. அதன் முள் நிறைந்த புழுவுக்காக ஒரு செடியின் கீழ் இலைகளை விட்டுவைக்கிறேன்.

கொத்தை வெட்டிக்கொண்டே இருந்தால் விதைக்கு எங்கே போவது என்று கேட்டால், முதல் வருடம் தெறித்த விதைகளே எனக்கு இன்னும் முடியவில்லை. இந்த மழைக்கும் கல் இடுக்கில் இரண்டு முளைத்தன. காற்றில் மகரந்தம் கலப்பதால் எல்லாம் தாய்ச்செடி மாதிரி வருவதில்லை, ஆனால் இளம் தண்டின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பச்சையாக இருந்ததைப் பிடுங்கிவிட்டேன். சிவப்பாக இருந்ததற்கு நேற்று கம்பு நட்டேன்.